கட்டிலோடு கிளம்பிய வாசல்

கணக்கு வாத்தியாருக்குக் கணக்குத் தெரியும் என்று நம்புகிறவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம். அந்த நம்பிக்கை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அதை நம்பித்தான் அரசாங்கம் எனக்கு ஓய்வு பெறும்வரை சம்பளம் கொடுத்தது.

எழுபதுகளின் கடைசி. நான் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மே மாத விடுமுறையில், வெயிலும் சுண்ணாம்புப் புழுதியும் ஊரையே வெள்ளையடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பெரம்பலூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பக்கத்து ஊர்தான். ஆனால் பெரம்பலூரில் எங்களுக்குக் கிடைத்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி மங்கை, "நாம ரெண்டு பேரும் உள்ள போயிடலாங்க. சாமானெல்லாம் வெளிய நிக்கட்டும்" என்றாள். அவ்வளவு பெரிய வீடு.

எதை எடுத்துப்போவது, எதை விடுவது என்ற விசாரணை அன்றே தொடங்கியது. மங்கை ஒவ்வொரு சாமானாக முற்றத்துக்குக் கொண்டுவந்து வைப்பாள். நான் நாற்காலியில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொல்வேன். கால் உடைந்து, அல்ஜீப்ராப் புத்தகத்தின் முட்டில் நின்றுகொண்டிருந்த மேசை: வரும். (புத்தகமும் வரும். அதை அந்த ஒரு வேலைக்காவது பயன்படுத்தினேனே!) பித்தளைப் பூண் போன முக்காலி: வரும். துணி கிழிந்த சாய்வு நாற்காலி, உட்கார்ந்தால் ஆளைத் தரையில் இறக்கிவிடும் ரகம்: அதுவும் வரும்.

"எல்லாமே வரும்னா எதுக்குங்க இப்புடி ஒண்ணொண்ணா தூக்கியாறச் சொல்றீங்க?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள் மங்கை.

"ஒரு முறை வேணுமில்ல."

"அப்ப நெசமாவே ஒண்ணு விடணும்னா கட்டிலை விடுங்க. எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமனார் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்கொல்லையும் கொஞ்சம் நிலமும் வைத்திருந்தவர். மகளுக்குச் சீர் கொடுப்பதற்காகத் தன் கொல்லையில் நின்ற பலாமரத்தை வெட்டி, ஆசாரியை வீட்டோடு வைத்துச் சோறு போட்டு, அந்தக் கட்டிலைச் செய்தார். எங்களோடு எங்கள் பிள்ளைகள், அவர்களுக்கு வரப்போகும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் அதில் படுப்போம் என்று நினைத்தாரோ என்னவோ, அகலம் அப்படி. உயரமும் அப்படித்தான். ஏறுவதற்கு மங்கைக்கு முக்காலி வேண்டும். தலைமாட்டில் கடைசல் பிடித்த மரக்கம்பிகள் வரிசையாக நிற்கும், ஜெயில் கதவு மாதிரி. கல்யாணத்தன்று மாமனார் என்னை அழைத்து அதன் சட்டத்தைத் தட்டிக்காட்டி, "ஒரு ஆணி கெடையாது மாப்ள. கழட்டுறது மாட்டுறதெல்லாம் கெடையாது. ஒருக்கா செஞ்சா செஞ்சதுதான்" என்றார். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

மங்கைக்கு அந்தக் கட்டிலைப் பிடிக்காது. "மைதானம்" என்றுதான் சொல்வாள். ஆனால் எனக்கு அதை விட்டுப்போக மனசு வரவில்லை. பாசமெல்லாம் ஒன்றும் கிடையாது, பயம். என் மாமனார் பார்வையில் நான் சாக்பீஸ் பிடிக்க மட்டும் லாயக்கானவன். ஒருமுறை அவர் கொல்லையில் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போய், கொட்டையின் பால் பட்டு முகமெல்லாம் வீங்கி, இரண்டு வாரம் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தேன். இப்போது கட்டிலையும் விட்டுவிட்டு வந்தால் மனிதர் என்ன நினைப்பார்? பெண்ணையாவது பத்திரமாக வைத்திருக்கிறானா என்று நேரில் வந்து பார்த்துவிட மாட்டாரா?

"கட்டில் வரும்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"எப்புடி வரும்?" என்றாள் மங்கை.

கேள்வி நியாயமானது. நாங்கள் குடியிருந்தது ஒரே ஒரு அறை. தெருவைப் பார்த்த வாசல், அதன் பக்கத்தில் கம்பி போட்ட ஜன்னல். சமையல்கட்டு முற்றத்தில் தனிக்கொட்டகை, வாசலில் இறங்கிச் சுற்றித்தான் அங்கே போக வேண்டும். நாங்கள் குடிவந்தபோது அந்த அறைக்குப் பின்சுவர் கிடையாது, கீற்றுத் தட்டிதான் வைத்து அடைத்திருந்தார்கள். தட்டியை எடுத்துவிட்டுப் பின்பக்கமாகத்தான் கட்டிலை உள்ளே கொண்டுவந்தோம். அடுத்த வருஷம் வீட்டுக்காரர் தங்கராசு அண்ணன் தட்டியைப் பிடுங்கிவிட்டு அங்கே செங்கல் சுவர் எழுப்பினார். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கல் எடுத்துக் கொடுத்தேன். என்றைக்காவது ஒருநாள் இந்த வீட்டைக் காலி செய்வோம், அப்போது கட்டில் எந்த வழியாகப் போகும் என்ற யோசனை கட்டியவருக்கும் வரவில்லை, கல் கொடுத்த கணக்கு வாத்தியாருக்கும் வரவில்லை.

ஆனாலும் நான் அசரவில்லை. ஒரு நூல்கயிற்றை எடுத்துக் கட்டிலின் அகலத்தை அளந்தேன், உயரத்தை அளந்தேன், வாசலை அளந்தேன். தரையில் சாக்பீஸால் செவ்வகம் வரைந்து, குறுக்கே மூலைவிட்டம் போட்டேன். கட்டிலை ஒருக்களித்து, மூலைவாட்டத்தில் சாய்த்து வெளியே விட்டால் தாராளமாகப் போகும். இடமே மிஞ்சும்.

"தலைமாடு மேல நீட்டிக்கிட்டு இருக்குதே, அதையும் சேத்துட்டீங்களா?" என்று மங்கை கேட்டாள்.

"அதெல்லாம் கணக்குல இருக்கு" என்றேன். (இல்லை.)

வீடு மாறும் நாள் காலையில் லாரி வந்துவிட்டது. எறையூர் ஆலைப் பக்கம் கரும்பு ஏற்றி ஓடும் லாரி. உள்ளே கரும்புத் தோகை மெத்தை போல் கிடந்தது. இரண்டு லோடுமேன்கள் இறங்கினார்கள். பானை, சட்டி, பெட்டி, புத்தகம், நொண்டி மேசை எல்லாம் ஏறிவிட்டது. கட்டில் மட்டும் பாக்கி. என் சாக்பீஸ் படத்தைக் காட்டி லோடுமேன்களுக்கு விளக்கினேன். இருவரும் பயபக்தியோடு கேட்டுவிட்டு, "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். அவர்களாவது கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம்.

கட்டிலை ஒருக்களித்துக் கால்மாட்டு முனையை வாசலுக்குள் விட்டோம். அவர்கள் இருவரும் தெருவிலிருந்து இழுத்தார்கள், நான் உள்ளேயிருந்து தலைமாட்டைத் தள்ளினேன். என் கணக்குப்படியே கட்டில் வழுக்கிக்கொண்டு போனது. பாதி தாண்டிவிட்டது. எனக்கு ஒரே குஷி.

"மங்கை! பாத்தியா?" என்று கத்தினேன்.

கத்தின வாய் மூடுவதற்குள் "க்ர்ர்ர்க்" என்று ஒரு சத்தம். கட்டில் நின்றுவிட்டது. தள்ளினேன், அசையவில்லை. "பின்னாடி இழுங்க சார்" என்றார்கள். இழுத்தேன். அதற்கும் அசையவில்லை. சட்டம் ஒருபக்கம், கால் ஒருபக்கம், தலைமாட்டின் மேல்கட்டை ஒருபக்கம் என்று மூன்று இடத்தில் வாசலைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. கட்டிலின் பாதி தெருவில். மீதிப்பாதி அறைக்குள். அறைக்குள் நான்.

அறைக்கு வேறு வாசல் கிடையாது. ஜன்னலில் கம்பி. பின்னால் நானே கல் எடுத்துக் கொடுத்த சுவர்.

மங்கை முற்றத்திலிருந்து வந்து பார்த்தாள். தலைமாட்டு மரக்கம்பிகளுக்கு நடுவே என் முகம் தெரிந்திருக்கும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து, "பயப்படாத மங்கை, எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். அவ்வளவுதான். வாசற்படியிலேயே உட்கார்ந்து, தரையைத் தட்டித் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். லோடுமேன்கள் மரியாதைக்காகக் கொஞ்சநேரம் அடக்கிப் பார்த்துவிட்டு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தெரு கூடிவிட்டது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எண்ணெய் ஊற்றினால் வழுக்கும் என்றார் ஒருவர். ஊற்றினார்கள். வழுக்கியது என் கைதான். தண்ணீர் ஊற்றினால் மரம் சுருங்கும் என்றார் இன்னொருவர். அதையும் ஊற்றினார்கள். (தண்ணீர் பட்டால் மரம் ஊதும். எட்டாம் வகுப்பு விஞ்ஞானம். எனக்கு அது ஊற்றிய பிறகுதான் ஞாபகம் வந்தது.)

சத்தம் கேட்டுத் தங்கராசு அண்ணன் மேல்துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. நேராக வாசல் நிலையைத்தான் தடவிப் பார்த்தார்.

"சார், நீங்க உள்ள எத்தினி நாள் வேண்ணாலும் இருங்க. நெலைக்கு மட்டும் ஒரு கீறல் விழக்கூடாது. எங்கப்பாரு பூசை போட்டு நட்ட நெல."

"ரம்பத்தை எடுத்துக் கட்டில் காலை அறுத்துடலாமா?" என்று ஒரு லோடுமேன் கேட்டார்.

"அறுங்க" என்று நான் வாயைத் திறந்த நேரம், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "யாரு எதை அறுக்கறது?" என்று ஒரு குரல். மகள் வீடு மாறுகிறாளே, கூடமாட ஒத்தாசை செய்யலாம் என்று ஜெயங்கொண்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து என் மாமனார் வந்திருந்தார். ஒரு கையில் முந்திரிப்பருப்புப் பை. இன்னொரு கையில் குடை.

கட்டிலைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். குனிந்து, கம்பிகளுக்கு நடுவே என்னைப் பார்த்தார்.

"மாப்ள, உள்ள என்ன பண்றீங்க?"

"வாங்க மாமா. பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்றேன்.

"நான் நல்லாத்தான் வந்தேன். நீங்கதான் வர வழியக் காணும்." கட்டிலைத் தட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி. "பாத்தீங்களா, இந்த இழுப்புக்கும் ஒரு பொளவு வுடல. இதைப் போயி அறுக்கறதாவது! செவுத்த இடிங்க."

"செவுத்தையா?" என்றார் தங்கராசு அண்ணன். "யாரு வூட்டுச் செவுத்த யாருங்க இடிக்கறது?"

அதன் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கட்டிலின் அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் இவர், நடுவில் உள்ளே நான். இருவருமே என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். நான் கம்பியைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

இதற்குள் மங்கை சிரித்து முடித்துவிட்டுத் தங்கராசு அண்ணன் வீட்டு அடுப்பில் தோசை வார்க்கப் போயிருந்தாள். கம்பிகளுக்கு நடுவே தட்டு நுழையவில்லை. தோசையைச் சுருட்டி ஒவ்வொன்றாக நீட்டினாள். ஜன்னல் வழியாக ஒரு செம்பு காபி வந்தது. காலையிலிருந்து குடித்த காபியோடு இதுவும் சேர்ந்துகொண்டது. அறைக்குள் அடைபட்டிருக்கும் மனிதன் காபி குடிக்கக் கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நான் அனுபவத்தில் கண்டது. கழிப்பிடம் முற்றத்துக் கோடியில் இருந்தது. சிறிது நேரத்தில் எனக்கு உலகத்தில் வேறு எந்த ஆசையும் இல்லாமல் போயிற்று.

அந்த நிலைமையில்தான் ஹெட்மாஸ்டர் வந்தார்.

பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் எனக்குப் பிரிவுபசார விழா நடக்கவில்லை. கிளம்பும்போது வீட்டுக்கே வந்து வழியனுப்புவதாக ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். சொன்னபடி ரோஜா மாலை, ஒரு பொட்டலம் ஜாங்கிரி, கூட இரண்டு ஆசிரியர்கள், ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிய பரிசு என்று வந்து நின்றார். பரிசு என்ன தெரியுமா? பெரிய பிரம்பு நாற்காலி.

அவர் எதற்கும் கலங்காத மனிதர். நான் இருந்த கோலத்தை ஒருமுறை பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டிலருகே வந்து, மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். எழுதிக்கொண்டு வந்ததில் ஒரு வார்த்தை மாற்றவில்லை.

"எத்தகைய சிக்கலான கணக்கிலிருந்தும் எளிதாக வெளிவரும் ஆற்றல் பெற்ற நம் ஆசிரியர்..."

தெரு முழுக்கக் கைதட்டல்.

"...இன்று நம்மை விட்டு வெளியேறுகிறார்..."

"எங்கங்க வெளியேறுறாரு?" என்றது ஒரு குரல்.

"...அவருக்கு அரியலூரின் வாசல் என்றென்றும் திறந்தே இருக்கும் என்று கூறி..."

அதற்கு மேல் அவர் படித்தது யாருக்கும் கேட்கவில்லை. மங்கை தோசைக்கரண்டியோடு சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சண்டை போட்டுக்கொண்டிருந்த மாமனாரும் தங்கராசு அண்ணனும்கூட ஒரு கணம் சண்டையை மறந்து சிரித்துவிட்டு, ஒருவர் சிரிப்பதை மற்றவர் பார்த்ததும் சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் மாலையைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினார். நான் தலையை நீட்டிப் பார்த்தேன், காதோடு நின்றுவிட்டது. கடைசியில் ஒரு கம்பிக்கு மாலை போட்டுவிட்டு, நாலு விரலை மட்டும் உள்ளே விட்டு என் கையைக் குலுக்கினார். நான் ஏற்புரை வழங்கவில்லை. கால்களைப் பின்னிக்கொண்டு நின்றிருந்தேன்.

"மாமா, அண்ணே, யாராவது எதையாவது செய்யுங்க. எனக்கு அவசரம்" என்றேன்.

என்ன அவசரம் என்று சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்த தெருவிலுள்ள ஆண்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. இரக்கம் பொங்கிவிட்டது. ஹெட்மாஸ்டர் உட்பட எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலைப் பிடித்தார்கள். "ஒரே இழுவை! ஒண்ணா இழுக்கணும்!" என்று மாமனார் குரல் கொடுத்தார். "நெல! நெல! பாத்து!" என்று தங்கராசு அண்ணன் கத்தினார். நானும் உயிரைக் கொடுத்து உள்ளேயிருந்து தள்ளினேன்.

பொலபொலவென்று மண் கொட்டியது. பிறகு இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அறைக்குள் வெளிச்சம் வந்தது.

கட்டில் வெளியே போய்விட்டது. வாசலும் அதோடு போய்விட்டது. நிலை சுவரிலிருந்து முழுசாகப் பிடுங்கிக்கொண்டு, கட்டிலின் இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி மாட்டியபடி தெருவில் கிடந்தது. மஞ்சள், குங்குமம், மேலே கட்டிய மாவிலைத் தோரணம் எதுவும் கலையவில்லை. நல்லவேளை, கதவை முந்தின நாளே கழற்றி வைத்திருந்தோம். இழுத்தவர்கள் எல்லாரும் மல்லாந்து கிடந்தார்கள். ஹெட்மாஸ்டர் அவர் கொண்டுவந்த பிரம்பு நாற்காலியிலேயே போய் விழுந்திருந்தார், கச்சிதமாக, விழாவுக்குத் தலைமை தாங்க வந்தவர் போல.

நான் எதையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த பெரிய ஓட்டை வழியாகப் பாய்ந்து, யாரையோ மிதித்து, முற்றத்துக் கோடிக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது புது வழக்கு தொடங்கியிருந்தது. அங்கேயே நிலையைக் கழற்ற முயன்றால் ஒன்று கட்டில் உடையும் அல்லது நிலை உடையும். மாமனார் கட்டிலைத் தொட விடவில்லை. தங்கராசு அண்ணன் நிலையைத் தொட விடவில்லை. லாரிக்காரரோ ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டையும் அப்படியே தூக்கி லாரியில் வைத்தார்கள். உடனே தங்கராசு அண்ணன் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு லாரியில் ஏறினார்.

"நீங்க எங்கண்ணே?" என்றேன்.

"என் வாசல் போற எடத்துக்கு நானும் வருவேன்."

"கட்டில் போற எடத்துக்கு நானும்தான்" என்று என் மாமனாரும் ஏறினார்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிவிடும். மங்கை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் கரும்புத் தோகைமேல் கட்டில். அதன் சட்டத்தை அணைத்தபடி ஒருவர், நிலைக்கட்டையை அணைத்தபடி இன்னொருவர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். நடுவில் பிரம்பு நாற்காலியில் நான், ஹெட்மாஸ்டர் கம்பியிலிருந்து எடுத்து எனக்குப் போட்டுவிட்ட ரோஜா மாலையோடு. (கழற்றினால் ஹெட்மாஸ்டர் மனசு புண்படும் என்று ஊர் எல்லைவரை போட்டிருந்தேன். பிறகு மறந்துவிட்டது.) காற்றில் மாவிலைத் தோரணம் படபடவென்று அடித்துக்கொண்டது. குன்னத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது கடைக்காரர் லாரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கிரகப்பிரவேசம் எங்கங்க?" என்று கேட்டார்.

பெரம்பலூர் வீட்டுக்காரம்மா வாசலில் நின்று எங்களை வரவேற்றார். கட்டிலும் நிலையும் இறங்குவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க வூட்டுல நெல இருக்குதுங்களே. நீங்க எதுக்கு சொந்தமா எடுத்தாந்தீங்க?"

கட்டிலை வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் இறக்கினோம். நிலை கோணலாகக் குறுக்கே நின்றதால் நாலு காலும் தரையில் படவில்லை. ஒரு காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தோம். சரி, எதை அறுப்பது? அந்தக் கேள்வியில் இரண்டு பெரியவர்களும் மறுபடி முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அறுக்கறதுன்னா இத்துப்போனதத்தான் அறுக்கணும்" என்றார் தங்கராசு அண்ணன். "கட்டில் இப்பவே ஆடுது பாருங்க."

சொல்லியிருக்கக் கூடாது. மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஆடுதா? என் பலா ஆடுதா?" குடையை என் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். முக்காலியைக்கூட எதிர்பார்க்காமல் ஒரே தாவலில் கட்டில்மேல் ஏறி நின்றார். "இப்ப பாரு" என்று ஒரு குதி குதித்தார். கட்டில் தாங்கியது. "பாத்தியா?"

"நீங்க ஒடிசலான ஆளு. நான் ஏறுனா தெரியும்" என்று தங்கராசு அண்ணனும் ஏறினார். அவர் நல்ல கனம்.

வேப்பமரத்தடியில், மாவிலை கட்டிய வாசலுக்கு அந்தப்பக்கம் ஒருவர், இந்தப்பக்கம் ஒருவர், இரண்டு பெரிய மனிதர்கள் கட்டிலின்மேல் நின்று மாறி மாறிக் குதித்தார்கள். பெரம்பலூரில் என் புதுத் தெரு என்னை முதன்முதலாகப் பார்த்தது இந்தக் காட்சியின் பின்னணியில்தான்.

"அப்பா, எறங்குங்கப்பா!" என்று மங்கை கத்தினாள்.

மடார்!

செங்கல் நழுவியதா, கால் முறிந்ததா, எது முதலில் என்று தெரியவில்லை. கட்டில் நட்டநடுவில் இரண்டாக மடிந்து உட்கார்ந்தது. நிலை தானாகக் கழன்று, ஒரு கீறல் இல்லாமல், வேப்பமரத்தில் போய்ச் சாய்ந்து நின்றது. பலகைகளுக்கு நடுவே தங்கராசு அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

மாமனார் உடைந்த சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் கொல்லையில் நின்ற மரம். அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதல்முதலில் பார்த்தேன். எல்லாம் என் சாக்பீஸ் படத்தால் வந்தது.

தங்கராசு அண்ணனும் அவர் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். மெதுவாக மாமனாரின் முதுகைத் தடவிக்கொடுத்து, "அடி பட்டுச்சுங்களா?" என்றார். பிறகு, "மரம் நல்ல மரம்தாங்க. நாமதான் அதிகம்" என்றார்.

மாமனார் அவரையே பார்த்தார். சிரிப்பு எங்கிருந்துதான் வந்ததோ, மடியைவிட்டு இறங்காமலே சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்துக் குலுங்கியதில் கீழே இருந்தவரும் சேர்ந்து குலுங்கினார். இருவரையும் தூக்கி நிறுத்துவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மங்கை முதுகுக்கு நல்லெண்ணெய் சுடவைத்துக் கொடுத்தாள். ஒருவர் முதுகில் ஒருவர் தேய்த்துக்கொண்டே, நீங்க எந்தப் பக்கம், யாரு வகையறா என்று பேச்சு போயிற்று. சாப்பாடு தயாராவதற்குள், தங்கராசு அண்ணனின் சித்தப்பா மகளைக் கட்டியவர் என் மாமனாருக்குப் பங்காளி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் என்ன? "மச்சான் இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்திக்கங்க" என்று என் மாமனாரும், "நீங்க மொதல்ல ஊத்திக்கங்க மாமா" என்று தங்கராசு அண்ணனும். இவ்வளவு காலம் பக்கத்தில் குடியிருந்து வாடகை கொடுத்த என்னை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நிலை அடுத்தநாள் மாட்டுவண்டியில் அரியலூர் திரும்பியது. உடைந்த பலாப் பலகைகளையும் மாமனார் அதே வண்டியில் ஏற்றிவிட்டார். தங்கராசு அண்ணன் அதில் நல்ல பலகையாகப் பார்த்து ஒரு விசிப்பலகை செய்து, திரும்ப நட்ட வாசலுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். அதன் பிறகு மாமனார் மகளைப் பார்க்கக் கிளம்பினால் முதலில் அரியலூரில் இறங்குவார். அந்தப் பலகையில் உட்கார்ந்து மச்சானோடு வெற்றிலை போட்டு, ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து, கடைசி பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வருவார். வராமல் அங்கேயே தங்கிவிட்ட நாட்களும் உண்டு. மங்கையும் நானும் பாயில் படுத்தோம். அந்தப் பாயில் உருண்டுகொண்டு, இவ்வளவு சுகமாகத் தூங்கி எத்தனையோ வருஷமாயிற்று என்று அவள் சொன்னாள். அவள் பேச்சைக் கேட்டுக் கட்டிலை விட்டுவந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் குடும்பத்தில் அதிலிருந்து ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. வீட்டுக்குள் எந்தச் சாமான் வந்தாலும் போனாலும், பீரோவோ, சோபாவோ, பிரிட்ஜோ, அதைத் தூக்குவதற்கு முன்னால் மங்கை ஒரு குரல் கொடுப்பாள்: "மொதல்ல அவர வெளிய அனுப்புங்க." பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு மருமகனாக வந்தவர், காரணம் தெரியாத நாளிலேயே, மிகுந்த மரியாதையோடு என் முழங்கையைப் பிடித்துத் தெருவுக்கு அழைத்துப் போய் நிறுத்தினார்.

இன்று காலை புதிதாக ஒரு சாப்பாட்டு மேசை வந்திருக்கிறது. உள்ளே நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். அது முடியும்வரை இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டு அம்மாள் காபி வேண்டுமா என்று கேட்கிறார். வெளியேதானே இருக்கிறேன், தாராளமாகக் குடிக்கலாம்.